ஒரே ஒரு விதி போதுமா?



போன வாரம் நம் பத்தாம் வகுப்புக் குழுவில் ஒரு விவாதம் சூடுபிடித்தது. வங்கியில் மேலாளராக இருக்கும் ஒருவன், "நியாயத்துக்கு ஒரே அளவுகோல்தான் இருக்கணும் சார். விலக்கு கொடுக்க ஆரம்பிச்சா அப்புறம் விதி எதுக்கு?" என்று எழுதியிருந்தான். செவிலியராக இருக்கும் ஒருத்தி, "ஒரு நாள் எங்க வார்டுல வந்து நின்னு பாரு, அப்புறம் பேசு" என்று பதில் போட்டாள். கடைசியில் இருவரும் தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

குழுவில் இரண்டு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் தத்துவம் படித்தவன் இல்லை, வரலாறு நடத்தியவன். நடந்த கதைகளை வைத்தே பேசுகிறேன். பதிவு நீளம்தான். பரீட்சை இல்லை, பொறுமையாகப் படியுங்கள்.

ஒழுக்கம் முழுவதையும் ஒரே ஒரு விதியின்மேல் நிறுத்த முயன்றவர்களில் பெரியவர் இம்மானுவேல் காண்ட். 1724 ஏப்ரல் 22 அன்று பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் ரஷ்யாவின் கலினின்கிராட். அப்பா குதிரைகளுக்கு வார், சேணம் செய்யும் தொழிலாளி. காண்ட் படித்தது, பாடம் நடத்தியது, 1804இல் இறந்தது எல்லாம் அதே ஊரில்தான். பேராசிரியர் பதவி 1770இல்தான் கிடைத்தது. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் மாணவர்கள் கொடுத்த கட்டணத்தில் வாழ்ந்தவர்.

1785இல் வெளிவந்த அவருடைய அறவியல் நூல் அளவில் சிறியது. அதில் அவர் சொன்ன விதியை நம் பேச்சில் இப்படிச் சொல்லலாம்: நீ எந்த நெறிப்படி நடக்கிறாயோ, அதே நெறிப்படி உலகத்தில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று நீயே விரும்ப முடியுமா? முடியும் என்றால் செய். முடியாது என்றால் செய்யாதே. அவரே ஓர் உதாரணம் தருகிறார். ஒருவனுக்குப் பண நெருக்கடி. திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருவதாக வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குகிறான். எல்லோரும் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? யாரும் யாருடைய வாக்கையும் நம்ப மாட்டார்கள், கடன் என்ற ஒன்றே இருக்காது. ஆக, பொய் வாக்கு தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. நம் வங்கி மேலாளருக்கு இது உடனே பிடித்துவிடும். எனக்கும் பிடிக்கும். ஆள் பார்த்து மாறாத விதி இது. அரசனுக்கும் சேணம் தைப்பவனுக்கும் ஒரே சட்டம்.

நான்கு வருடம் கழித்து, 1789இல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பாஸ்டில் சிறையைத் தகர்த்ததும் கில்லட்டினும் உங்களுக்கு நினைவிருக்கும். 1793, 94இல் நடந்த பயங்கர ஆட்சியில் தேடப்படுபவருக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கும் தலை போகும். கணித அறிஞரும் சிந்தனையாளருமான கோந்தோர்சே அப்போது பாரிஸில் வெர்னே என்ற ஒரு விதவை அம்மையாரின் வீட்டில் பல மாதங்கள் ஒளிந்திருந்தார். தன்னால் அந்த அம்மாவுக்கு ஆபத்து வரக்கூடாது என்று 1794 மார்ச்சில் வெளியேறினார். சில நாட்களிலேயே பிடிபட்டுச் சிறையில் இறந்தார். கதவைத் தட்டி "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பது அந்தத் தலைமுறை உயிர் பயத்தோடு வாழ்ந்து பார்த்த அனுபவம்.

அந்தச் சூழலில்தான், 1797இல், பெஞ்சமின் கோன்ஸ்தான் என்ற இளம் எழுத்தாளர் ஒரு நூலில் ஒரு ஜெர்மன் தத்துவவாதியைக் குறைசொன்னார். கொலைகாரன் ஒருவன் உன் நண்பனைத் துரத்தி வருகிறான். நண்பன் உன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். "அவன் உள்ளே இருக்கிறானா?" என்று கொலைகாரன் கேட்கிறான். இல்லை என்று சொல்வதுகூடக் குற்றம் என்கிறார் அந்த ஜெர்மானியர், இப்படி ஒரு விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் சமூகமே வாழ முடியாது என்றார் கோன்ஸ்தான். உண்மை சொல்வது கடமைதான். ஆனால் உண்மையைக் கேட்க உரிமை உள்ளவரிடம்தான் அந்தக் கடமை. அடுத்தவனைக் கொல்ல வருபவனுக்கு அந்த உரிமை இல்லை. அவர் பெரிய விதிகளை மறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பெரிய விதிக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே சில இடைநிலை விதிகள் வேண்டும், அவை இல்லாமல் மேலே இருப்பதை அப்படியே கீழே இறக்கினால் வீடு இடியும் என்பதே அவர் கருத்து.

காண்டுக்கு அப்போது 73 வயது. அதே ஆண்டு ஒரு சிறு கட்டுரையில் பதில் எழுதினார். விட்டுக்கொடுக்கவே இல்லை. உண்மை பேசுவது நிபந்தனையற்ற கடமை, கொலைகாரனிடமும் பொய் கூடாது. அதற்கு அவர் காட்டிய காரணத்தைப் பாருங்கள். நீ "இல்லை" என்று சொல்கிறாய். ஆனால் உனக்குத் தெரியாமல் நண்பன் பின்பக்கமாக வெளியேறிவிட்டான். திரும்பிப் போகும் கொலைகாரன் தெருவில் அவனைப் பார்த்துக் கொன்றுவிடுகிறான். அந்தச் சாவுக்கு உன் பொய்யும் காரணம். நீ உண்மை சொல்லியிருந்தால், அவன் வீட்டுக்குள் தேடும் நேரத்தில் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பிடித்திருக்கலாம்.

வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் இந்தக் காரணம் நொண்டியடிப்பதாகத்தான் தெரிகிறது. விளைவைப் பார்க்காதே, கடமையைப் பார் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர், இங்கே "இப்படி நடந்தால், அப்படி நடந்தால்" என்று விளைவைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கிழவரை அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. "உண்மையைக் கேட்க உனக்கு உரிமை இல்லை" என்று தீர்மானிப்பது யார்? பொய் சொல்லப் போகிறவனேதான். ஊழல் செய்யும் அதிகாரி, கணக்கை மறைக்கும் கம்பெனி, இறந்தவர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லும் அரசாங்கம் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள்: "இவர்களுக்கு இது தெரிய வேண்டியதில்லை." ஓர் ஓட்டையை நல்லவனுக்காகத் திறந்தால் அதன் வழியே வருபவன் எப்போதும் நல்லவனாக இருப்பதில்லை. காண்டின் பிடிவாதத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த எச்சரிக்கை இன்றைக்கும் செல்லும்.

காண்டின் விதிக்குள்ளேயே இரண்டு குரல்கள் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அதே 1785 நூலில் அவர் தன் விதியை இன்னொரு விதமாகவும் எழுதுகிறார்: எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தாதே, மனிதரை மனிதராக மதி. இரண்டும் ஒரே விதியின் இரண்டு வடிவங்கள் என்பது அவர் வாதம். ஆனால் கதவருகே நிற்கும்போது, முதல் வடிவம் "பொய் சொல்லாதே" என்கிறது. இரண்டாவது வடிவம், உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும் நண்பனைக் காட்டி "இவனைக் கைவிடாதே" என்பதுபோல என் காதில் விழுகிறது. ஒரே விதி என்று சொன்ன இடத்திலேயே எதைக் கேட்பது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இதே காண்டுக்கு 1791இல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரிலிருந்து மரியா வான் ஹெர்பர்ட் என்ற இளம்பெண் ஒரு கடிதம் எழுதினார். தான் நேசித்தவரிடம் தன் பழைய காதலை மறைத்திருந்ததாகவும், பிறகு உண்மையைச் சொன்னதும் அவருடைய அன்பு போய்விட்டதாகவும், சாவதா வாழ்வதா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். காண்ட் அக்கறையாகத்தான் பதில் எழுதினார். மனத்தில் உள்ளது எல்லாவற்றையும் சொல்லாமல் இருப்பது வேறு, உண்மையல்லாததைச் சொல்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னது குற்றம் ஆகாது. பின்னது கூடாது. அந்தப் பெண் பிறகும் எழுதினார். வாழ்க்கையே வெறுமையாகிவிட்டது, ஒழுக்க விதியைக் கடைப்பிடிப்பது எனக்குச் சுலபமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது என் வெறுமையை நிரப்பவில்லை என்ற பொருளில். 1803இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காண்டின் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. விதி சரியாக இருந்தும் ஒரு மனிதருக்கு அது போதாமல் போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் செய்த அந்தப் பிரிவு மட்டும் நமக்கு மிகவும் உதவும். நம் உறவிலேயே ஒரு பெரியவருக்கு வந்த நோயை அவரிடம் சொல்வதா, மறைப்பதா என்று இந்த வருடம் எவ்வளவு வாக்குவாதம் நடந்தது! "எல்லாம் சரியாயிடும், சும்மா காய்ச்சல்தான்" என்று சொல்வது ஒன்று. அவர் கேட்கும் வரை காத்திருந்து, கேட்டதற்கு மட்டும், அவர் தாங்கும் அளவில் பதில் சொல்வது இன்னொன்று. இரண்டாவதில் பொய் இல்லை, கொடுமையும் இல்லை. விதியை உடைக்கலாமா என்று சண்டை போடுவதற்கு முன்பு, உடைக்காமலே போக வழி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இனி எதிர்த்திசைக்கு வருவோம். காண்டின் விதி கறாராக இருப்பதால்தான் சிக்கல், விளைவை மட்டும் பார்க்கும் ஒரே விதி வைத்துக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைத்தவர்தான் லண்டனில் பிறந்த ஜெரமி பெந்தாம். பெண்டிங்க் பிரபுவின் சீர்திருத்தங்களை நடத்தும்போது இவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன். 1789இல் வெளிவந்த நூலில் அவர் வைத்த அளவுகோல்: எந்தச் செயல் கூடுதலான இன்பத்தையும் குறைவான துன்பத்தையும் தருமோ அதுவே சரி. கணக்குப் போட்டுப் பார். அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை நடுக்கடலில் போட்டுப் பார்த்த கதை இது. 1884 மே மாதம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு மின்யொனெட் என்ற சிறிய பாய்மரப் படகு கிளம்பியது. படகில் நான்கு பேர். கேப்டன் டாம் டட்லி, எட்வின் ஸ்டீஃபன்ஸ், எட்மண்ட் புரூக்ஸ், எடுபிடி வேலைக்கு வந்த 17 வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கர். ஜூலை 5ஆம் தேதி தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு பேரலை அடித்துப் படகு மூழ்கியது. நால்வரும் ஒரு சிறு மீட்புப் படகில் தப்பினார்கள். கையில் இருந்தது இரண்டு டின் டர்னிப் கிழங்கு. குடிநீர் ஒரு சொட்டு இல்லை. நடுவில் ஓர் ஆமை கிடைத்தது. பிறகு நாள் கணக்கில் ஒன்றுமே இல்லை. கடல்நீரைக் குடித்த பையன் சுருண்டு படுத்துவிட்டான்.

டட்லி கணக்குப் போட்டார். ஒருவன் செத்தால் மூன்று பேர் பிழைக்கலாம். மற்றவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, இந்தப் பையன் அநாதை, எப்படியும் சாகப் போகிறான். புரூக்ஸ் சம்மதிக்கவில்லை. ஸ்டீஃபன்ஸ் சம்மதித்தார். டட்லி இறைவனிடம் மன்னிப்பு வேண்டிவிட்டுப் பையனைக் கொன்றார். மூவரும் அந்த உடலை உண்டு உயிர் வாழ்ந்தார்கள். நான்கு நாட்களுக்குப் பிறகு ஒரு ஜெர்மன் கப்பல் அவர்களை மீட்டது. ஊர் திரும்பியதும் டட்லி எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். தான் தவறு செய்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை. கடலோடிகளின் பழைய வழக்கம் தன்னைக் காக்கும் என்று நம்பினார். பொதுமக்களின் அனுதாபமும் அவர் பக்கம்தான். இறந்த பையனின் அண்ணனே நீதிமன்றத்தில் அவருடன் கைகுலுக்கினார்.

தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எழுப்பிய கேள்வி எனக்கு இன்றும் உறைக்கிறது. யார் உயிர் பெரிது, யார் உயிர் சிறிது என்று அளப்பது யார்? அளப்பவனே பிழைக்கப் போகிறவன் அல்லவா? தேர்ந்தெடுக்கப்பட்டது யார்? இருப்பதிலேயே சிறியவன், பலமில்லாதவன், எதிர்க்க முடியாதவன். 1884 டிசம்பரில் டட்லிக்கும் ஸ்டீஃபன்ஸுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அரசியின் பெயரால் அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

இந்த முடிவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நீதிமன்றம் விதியைத் துளியும் வளைக்கவில்லை. இது கொலை என்று பதிவு செய்தது. கருணை இன்னொரு வாசல் வழியாக வந்தது. கருணைக்காக விதியை வளைத்திருந்தால், அடுத்த படகில் இருக்கும் எடுபிடிப் பையனுக்குப் பாதுகாப்பே இருக்காது. விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், இருபது நாள் பட்டினியில் புத்தி பேதலித்த இரண்டு பேரைத் தூக்கில் போட்டிருப்பார்கள். ஒரே விதியால் அந்த வழக்கை முடிக்க முடியவில்லை.

ஒற்றை விதியின் இன்னோர் ஆபத்து 1961இல் ஜெருசலேமில் வெளிப்பட்டது. லட்சக்கணக்கான யூதர்களைச் சாவு முகாம்களுக்கு ரயிலேற்றிய அடால்ஃப் ஐக்மன், தான் வாழ்நாள் முழுதும் காண்டின் அறநெறிப்படி வாழ்ந்ததாகச் சொன்னான். நீதிபதி ஒருவர் விளக்கம் கேட்டபோது காண்டின் விதியை ஏறக்குறையச் சரியாகவே சொல்லவும் செய்தான். கடமை என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் காண்டின் மனச்சாட்சி இருந்த இடத்தில் மேலதிகாரியின் உத்தரவை வைத்துக்கொண்டான். காண்ட் இதைக் கேட்டிருந்தால் துடித்துப்போயிருப்பார். ஆனால் ஒரு விதி எவ்வளவு உயர்ந்ததானாலும், அதைத் தட்டிக் கேட்க இன்னொன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அது யார் கையிலும் ஆயுதமாகலாம்.

அப்படியானால் கொலைகாரன் உண்மையாகவே கதவைத் தட்டியபோது நல்லவர்கள் என்ன செய்தார்கள்? தென் பிரான்ஸின் மலைப்பகுதியில் லெ ஷம்போன் என்ற சிற்றூர். மக்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் மதத்துக்காக வேட்டையாடப்பட்ட புராட்டஸ்டன்ட் மரபினர். இரண்டாம் உலகப் போரின்போது அந்த ஊரும் சுற்றுப்புறக் கிராமங்களும் சேர்ந்து சில ஆயிரம் அகதிகளைக் காப்பாற்றின. பலர் யூதக் குழந்தைகள். போதகர் ஆந்த்ரே த்ரோக்மே, அவர் மனைவி மாக்தா, துணைப் போதகர் எத்வார் தெய்ஸ் ஆகியோர் முன்னின்றார்கள். 1942 கோடையில் யூதர்களின் பட்டியலைக் கேட்டு அதிகாரிகள் வந்தபோது த்ரோக்மே கொடுக்க மறுத்தார். அதில் பொய் இல்லை, மறுப்புத்தான். ஆனால் அகதிகளுக்குப் போலி அடையாள அட்டையும் போலி ரேஷன் அட்டையும் வேண்டியிருந்தன. அவை அச்சடித்த பொய்கள். உண்மையே உயிர் என்று வாழ்ந்த அந்தக் குடும்பத்துக்கு அது சுலபமாக இல்லை, குழந்தைகளும் பொய்க்குப் பழகிவிடுவார்களே என்று கலங்கினார்கள். கலங்கிக்கொண்டே செய்தார்கள்.

1943 பிப்ரவரியில் த்ரோக்மே, தெய்ஸ், பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக் மூவரும் கைதாகி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சில வாரங்களுக்குப் பிறகு விடுதலை என்றார்கள், ஆனால் அரசின் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிவோம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு வெளியே வந்து வழக்கம்போல வேலையைப் பார்த்திருக்கலாம். இரண்டு போதகர்களும் மறுத்துவிட்டார்கள். கடைப்பிடிக்கப் போவதில்லை என்று தெரிந்தே வாக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. எப்படியோ மறுநாளே அவர்களும் விடுவிக்கப்பட்டார்கள்.

அடுத்தவர் உயிருக்காகப் போலிச் சீட்டை அனுமதித்தவர்கள், தங்கள் விடுதலைக்காக ஒரு பொய்க் கையெழுத்துப் போடவில்லை. தர்க்கப்படி பார்த்தால் இது முரண். எனக்கோ இதில் ஒரு பெரிய தெளிவு தெரிகிறது.

நம் வள்ளுவரும் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறார். வாய்மை அதிகாரத்தில், பொய்யாமையை முழுதாகக் கடைப்பிடித்தால் வேறு அறமே வேண்டாம் என்கிறார் ஓரிடத்தில். காண்டே எழுதியதுபோல இருக்கும். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். அது கோன்ஸ்தானின் பக்கம். ஆனால் விலக்குக் கொடுத்த கையோடு, அடுத்த குறளிலேயே, அறிந்து பொய் சொன்னால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று கடிவாளத்தையும் மாட்டிவிடுகிறார். மூன்று அதிகாரம் தள்ளி, கொல்லாமையில், வரிசையே போடுகிறார்: முதலில் கொல்லாமை, அதற்கடுத்துப் பொய்யாமை. கதவருகே நிற்பவனுக்கு அந்த வரிசை ஒன்றே போதும்.

1930இல் டபிள்யூ. டி. ராஸ் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் இதையே வேறு விதமாக எழுதினார். கடமைகள் பல: வாக்குத் தவறாமை, நன்றி, நீதி, தீங்கு செய்யாமை என்று. எதுவும் எப்போதும் முதலிடம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிவைத்தால், தள்ளிவைத்தது மறைந்து போவதில்லை. அதற்கான உறுத்தலும், ஈடுகட்ட வேண்டிய பொறுப்பும் நம்மிடம் மிஞ்சும்.

ஆகவே என் கருத்தைச் சொல்கிறேன். ஒற்றைக் காலில் பந்தல் நிற்காது. ஒழுக்கத்துக்குக் கால்கள் பல வேண்டும். அதே சமயம், "சூழ்நிலையைப் பொறுத்தது" என்று சொல்லி ஒவ்வொரு காலாகப் பிடுங்கிக்கொண்டு போகவும் கூடாது. விதியை மீற வேண்டியது வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். மீறாமல் மௌனத்தாலோ மறுப்பாலோ சமாளிக்க முடியுமா? இதில் ஆதாயம் எனக்கா, இன்னொருவருக்கா? நஷ்டப்படப் போகிறவர் முகத்தைப் பார்த்து இந்தக் காரணத்தைச் சொல்ல முடியுமா? டட்லி ஊருக்கெல்லாம் சொன்னார். ரிச்சர்ட் பார்க்கரிடம் கேட்கவில்லை. லெ ஷம்போன் மக்கள் போலி அட்டையால் யாரை ஏமாற்றினார்களோ, அவர்கள் இழந்தது ஒரு கொலை செய்யும் வாய்ப்பை மட்டும்தான்.

மூன்று கேள்விக்கும் பதில் சரியாக வந்தபிறகும் மனம் கொஞ்சம் உறுத்தினால், அந்த உறுத்தலை வைத்துக்கொள்ளுங்கள். மீறிவிட்டுச் சந்தோஷமாகத் தூங்குகிறவரைத்தான் நான் நம்ப மாட்டேன்.

உங்களில் மருத்துவர்கள், காவல்துறையினர், வருவாய்த்துறையினர், ஆசிரியர்கள், வீட்டையே நிர்வகிப்பவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். என்னைவிட அதிகமாக இந்தக் கதவருகே நிற்பவர்கள் நீங்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மறுத்து எழுதுபவர்களுக்கு முதல் பதில்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்